அந்தச் சராசரியில் நாம் இருக்கிறோமா?

பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஒரே விடை சொல்லும் 'மெட்டா அனாலிசிஸ்' புற்றுநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியிருக்கிறது. ஆனால் அந்தமானிலிருந்து சென்னைக்குக் கப்பலேறும் நோயாளிக்கு அந்த விடை எவ்வளவு தூரம் பொருந்தும்?

போர்ட் பிளேரின் ஹாடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கிளம்புவதில்லை. கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகள் இருப்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சரக்கு எடுக்கப் போகும் வியாபாரிகள் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே, ஸ்கேன் படங்களையும் பயாப்ஸி முடிவையும் பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தி மடியில் வைத்துக்கொண்டு சிலர். எதிரே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். ஏறக்குறைய மூன்று நாள் பயணம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட இந்த ஊரிலிருந்து புற்றுநோய்க்கு வைத்தியம் தேடி 'மெயின்லாண்ட்' போவது தீவுவாசிகளுக்குப் பல பத்தாண்டுப் பழக்கம். சென்னை, வேலூர், கொல்கத்தா என்று போகும் ஊர்தான் மாறும்.

அப்படியொரு பயணியைக் கற்பனை செய்துகொள்வோம். ரப்பர் தோட்டத்து வேலைக்காக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்த ஐம்பது வயதுப் பெண். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நோய் இடுப்பெலும்புச் சுவர் வரை பரவிவிட்டது. டாக்டர்கள் '3பி' என்று குறிக்கும் கட்டம். வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு, பல வாரங்கள். அதோடு வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் நரம்பில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். சிஸ்பிளாட்டின் குடலைப் புரட்டும், சிறுநீரகத்தைச் சோதிக்கும், சிலருக்குக் காது கேட்பதைக் குறைக்கும். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை. அத்தனை வாரமும் சென்னையில் அறை வாடகை, துணைக்கு வந்தவரின் கூலி இழப்பு. கதிர்வீச்சு மட்டும் போதாதா என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

டாக்டர் சொல்லும் பதிலுக்குப் பின்னால், பெரும்பாலும் அவர் சொல்லாமலே, ஒரு மெட்டா அனாலிசிஸ் இருக்கிறது. தமிழில் தொகுப்பாய்வு என்று சொல்லலாம். இன்று உலகெங்கும் புற்றுநோய் சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிகள் பெரிதும் சாய்ந்து நிற்கும் தூண் அது. அந்தத் தூண் எவ்வளவு உறுதியானது, எங்கே விரிசல் விடும் என்பது மருத்துவர்கள் மட்டும் அறிந்தால் போதும் என்று விட்டுவிடக்கூடிய விஷயமல்ல. கடைசியில் அதன்மீது படுத்திருப்பவர் நோயாளி.

ஒரு பானையும் பல பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. சோற்றுக்குச் சரி, புற்றுநோய்க்குப் பலிக்காது. ஒரே மருந்து ஒருவரைக் காப்பாற்றுகிறது, பக்கத்துப் படுக்கைக்காரரைக் கைவிட்டுவிடுகிறது. ஆகவே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்குப் பழைய சிகிச்சையும் மற்றதற்குப் புதியதும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. புற்றுநோயில் புதிய சிகிச்சைகளின் பலன் பொதுவாகச் சிறியது. பழைய முறையில் 100 பேரில் 60 பேர் ஐந்தாண்டு உயிர்வாழ்கிறார்கள், புதிய முறையில் 66 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணிக்கு 50 பேர் வைத்து ஆய்வு நடத்தினால் வித்தியாசம் மூன்றே மூன்று பேர். அது மருந்தின் மகிமையா, தற்செயலா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இந்த அளவு வித்தியாசத்தை நம்பகமாகக் கண்டறிய அணிக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் தேவை. அத்தனை பேரைத் திரட்ட எந்த ஒரு மருத்துவமனைக்கும் எளிதில் முடிவதில்லை.

ஆனால் ஒரே கேள்வியைப் பத்து ஊரில் பத்துக் குழுக்கள் சின்னச் சின்னதாகக் கேட்டிருக்கும். அவற்றை ஒன்றுசேர்த்தால்? இதுதான் தொகுப்பாய்வின் அடிப்படை. யோசனை புதிதல்ல. டைபாய்டுக்கான தடுப்பூசி பலன் தருகிறதா என்று அறிய, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் கணக்குகளைப் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் 1904இலேயே சேர்த்துப் பார்த்தார். மெட்டா அனாலிசிஸ் என்ற பெயரை அமெரிக்கரான ஜீன் கிளாஸ் 1976இல் சூட்டினார். அவர் கல்வித் துறை ஆய்வாளர்.

சேர்ப்பது என்றால் எல்லா நோயாளிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி எண்ணுவதல்ல. மும்பையில் சிகிச்சை பெற்றவரை மும்பையில் மற்ற அணியில் இருந்தவரோடுதான் ஒப்பிடுவார்கள், லண்டன்காரரோடு அல்ல. ஒவ்வொரு ஆய்விலும் கிடைத்த வித்தியாசத்தைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, தகவல் அதிகமுள்ள ஆய்வுக்கு அதிக எடையும் குறைந்ததற்குக் குறைந்த எடையும் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். விடை ஒரு படமாக வரும். ஆய்வுக்கு ஒரு சதுரம், அதன் இருபுறமும் நிச்சயமின்மையைக் காட்டும் கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் மொத்த விடையாக ஒரு வைர வடிவம். அந்த வைரம் நடுக்கோட்டைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்றுவிட்டால் டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

டாமாக்சிஃபென் வென்ற கதை

இந்த முறை எத்தனை உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு மார்பகப் புற்றுநோயே சாட்சி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தால் ஆயுள் கூடுமா என்று 1980களின் நடுவில் பல ஆய்வுகள் நடந்திருந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. டாக்டர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் உலகெங்கும் இந்த ஆய்வுகளை நடத்தியவர்களை ஒரு கூட்டமைப்பாகத் திரட்டினார்கள். கேட்டது கட்டுரைகளை அல்ல, ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற காரியம்.

1988இல் முதல் விடை வெளியானது. டாமாக்சிஃபென் தொடர்பான 28 ஆய்வுகள், 16,513 பெண்கள்; கீமோதெரபி தொடர்பான 40 ஆய்வுகள், 13,442 பெண்கள். இரண்டுமே மரணத்தைக் குறைப்பது தெளிவாகத் தெரிந்தது. 1998இல் 55 ஆய்வுகளும் 37,000 பெண்களும் அடங்கிய தொகுப்பு இன்னும் துல்லியமாகச் சொன்னது: ஹார்மோனுக்கு வசப்படும் வகைக் கட்டி உள்ளவர்கள் சுமார் ஐந்தாண்டு டாமாக்சிஃபென் சாப்பிட்டால் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகவும் மரணம் சுமார் கால் பங்கும் குறைகிறது. ஹார்மோனுக்கு வசப்படாத கட்டியில் பலன் இல்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதோடு யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதையும் அதே தொகுப்பு காட்டிவிட்டது. விலை மலிவான, ஊசி குத்தாத, தீவுக்குத் திரும்பிப் போயும் சாப்பிடக்கூடிய மாத்திரை அது. எந்தத் தனி ஆய்வும் இவ்வளவு உறுதியாக இதைச் சொல்லியிருக்க முடியாது.

அடையாறு கேட்ட கேள்வி

இந்தியாவின் சாபக்கேடு வாய்ப் புற்றுநோய். அந்தமானுக்கு இது வீட்டு வாசல் விஷயம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அந்தத் தீவுகளில் பாதிக்கு மேற்பட்ட ஆண்கள் ஏதோ ஒரு வடிவத்தில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். கதிர்வீச்சோடு சேர்த்தே மருந்தும் கொடுத்தால் இந்த நோய்க்கு மேலும் பலன் கிடைக்குமா என்ற கேள்வியைச் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் வெகு முன்பே கேட்டது. டாக்டர்கள் வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் கதிர்வீச்சுடன் பிளியோமைசின் கொடுத்து நடத்திய ஒப்பாய்வு 1980இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. ஆனால் ஒரு மருத்துவமனையின் ஓர் ஆய்வு உலகத்தின் பழக்கத்தை மாற்றிவிடுவதில்லை.

மாற்றியது தொகுப்பாய்வு. பிரான்ஸின் குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையம் முன்னின்று நடத்திய தொகுப்பு 2000இல் வெளியானது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 10,741 பேர், 63 ஆய்வுகள். 2009இல் அது 93 ஆய்வுகளாகவும் 17,346 நோயாளிகளாகவும் வளர்ந்தது. கதிர்வீச்சு நடக்கும்போதே மருந்தும் கொடுத்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 100க்கு 6.5 பேர் கூடுகிறார்கள். கதிர்வீச்சுக்கு முன்பே மருந்து கொடுத்து முடித்துவிடுவதில் அந்த அளவு பலன் இல்லை. முக்கியமான இன்னொரு தகவலும் அதில் உண்டு. வயது ஏற ஏறப் பலன் சுருங்குகிறது. எழுபதைத் தாண்டியவர்களிடம் அது தென்படவில்லை. எழுபத்தைந்து வயதுப் பெரியவரைக் கூடுதலாகப் பல வாரம் வாந்தியிலும் வாய்ப்புண்ணிலும் தள்ளுவதற்கு முன் டாக்டர் ஒருமுறை யோசிக்க இந்த ஒரு வரி போதும்.

வெளியே வராத முடிவுகள்

இவ்வளவு சாதிக்கும் கருவியில் கோளாறு எங்கே? முதல் கோளாறு, கணக்கில் வராத ஆய்வுகள். மருந்து வென்றால் கட்டுரை அச்சேறும். தோற்றால் பல சமயம் பீரோவில் தூங்கும். அச்சில் வந்ததை மட்டும் சேர்த்துக் கூட்டினால் வெற்றிகளை மட்டும் கூட்டியதாகும்.

பிரிட்டனின் லெஸ்லி ஸ்டூவர்ட்டும் மேக்ஸ் பார்மரும் 1993இல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். எடுத்துக்கொண்டது முற்றிய சினைப்பைப் புற்றுநோய். அச்சில் வந்த கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்துத் தொகுத்தபோது 788 நோயாளிகள் கிடைத்தார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சையின் பலன் 7.5 சதவிகிதம். பிறகு, வெளியாகாதவை உட்பட 11 ஆய்வுகளில் இருந்த 1,329 பெண்களின் நேரடி விவரங்களைத் தேடிப் பெற்றுக் கணக்கிட்டார்கள். பலன் 2.5 சதவிகிதமாகச் சுருங்கியது; அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்ற நிலை. கேள்வி ஒன்றுதான், கணக்கில் வந்த ஆட்கள் மாறியதும் விடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இரண்டாவது கோளாறு இன்னும் மோசமானது: பொய். ஜோஹன்னஸ்பர்க்கின் வெர்னர் பெஸ்வோடா, மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோதெரபி கொடுப்பதால் அபாரப் பலன் கிடைப்பதாக 1990களில் அறிவித்துவந்தார். 2000இல் அமெரிக்க நிபுணர் குழு நேரில் போய் ஆவணங்களைப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அவரே முறைகேட்டை ஒப்புக்கொண்டார். அதற்குள் பல நாடுகளில் ஏராளமான பெண்கள் அந்தக் கொடிய சிகிச்சையைத் தாங்கி முடித்திருந்தார்கள். 2011இல் 15 ஆய்வுகளின் 6,210 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த முறை நோய் திரும்புவதைத் தள்ளிப்போட்டாலும் ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை என்பது தெளிவானது. இங்கே தொகுப்பாய்வு பொய்யை அகற்றும் வேலையைச் செய்தது. பொய்யான எண்கள் உள்ளே போயிருந்தால் அதே தொகுப்பாய்வு பொய்க்கு முத்திரை குத்தியிருக்கும். உள்ளே போடுவதுதானே வெளியே வரும்.

மறைப்பதைத் தடுக்க ஒரு வழி, ஆய்வு தொடங்கும்போதே அதைப் பகிரங்கமாகப் பதிவுசெய்ய வைப்பது. இந்தியாவில் அதற்கான பதிவேடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயம். ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது என்ற தடயமாவது இப்போது மிஞ்சுகிறது. முடிவு வெளிவரவில்லையென்றால் ஏன் என்று கேட்கலாம்.

எதை எதோடு சேர்ப்பது?

மூன்றாவது கோளாறு நேர்மையான ஆய்வாளர்களுக்கும் நேர்வது. வேறு வேறான விஷயங்களை ஒரே பெயரின் கீழ் சேர்த்துவிடுவது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு கொடுக்கும் சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுப்பது பழைய வழக்கம். வாராவாரம் சிறு அளவில் கொடுப்பது நம் மருத்துவமனைகளில் பரவலான பழக்கம். படுக்கை தேவைப்படாது, உடம்பு தாங்கும். இரண்டில் எது மேல்? 52 ஆய்வுகளையும் 4,209 நோயாளிகளையும் தொகுத்த ஒரு மெட்டா அனாலிசிஸ் 2017இல் உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை, வாராந்தர முறையில் பக்கவிளைவு குறைவு என்றது. ஆனால் அந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் மோதவிட்டவையல்ல.

மறு வருடமே மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 300 நோயாளிகளிடம் நேரடியாக ஒப்பிட்ட முடிவை வெளியிட்டது. இரண்டாண்டு முடிவில் கட்டி அதே இடத்தில் கட்டுப்பட்டிருந்தது மூன்று வார முறையில் 73.1 சதவிகிதம் பேருக்கு. வாராந்தர முறையில் 58.5 சதவிகிதம் பேருக்குத்தான். கடுமையான பக்கவிளைவு மூன்று வார முறையில் அதிகம் என்பதும் உண்மை. அப்படியானால் வாராந்தர முறை தோற்றுவிட்டதா? 2022இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிகளிடம் வாராந்தர முறை மற்றதற்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. முரண்பாடா? உற்றுப் பார்த்தால் ஒரு காரணம் தெரியும். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மும்பையில் வாரம் 30 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஜப்பானில் 40. 'வாராந்தர சிஸ்பிளாட்டின்' என்ற ஒரே லேபிளின் கீழ் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வரும் விடை இரண்டில் எதற்கும் சொந்தமில்லாத விடையாக இருக்கும். வாரம் ஒருமுறையா, மூன்று வாரத்துக்கு ஒருமுறையா என்பதைப் பொறுத்துத் தங்குமிடம், துணை, செலவு எல்லாவற்றையும் திட்டமிட வேண்டிய தீவு நோயாளிக்கு இந்தப் பத்து மில்லிகிராம் அற்ப விஷயமல்ல.

3பி கட்டத்தில் இருப்பவர் யார்?

இனி நம் கச்சால் பெண்ணிடம் திரும்புவோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்த ஐந்து ஆய்வுகளின் முடிவைப் பார்த்து, 1999 பிப்ரவரியில் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பே அனுப்பியது: இனி மருந்தையும் சேர்ப்பது பற்றி தீவிரமாக யோசியுங்கள் என்று. 2008இல் 18 ஆய்வுகளின் நோயாளிவாரி விவரங்களைக் கொண்ட தொகுப்பாய்வு வந்தது. அவற்றில் கதிர்வீச்சை மட்டும், அதே கதிர்வீச்சோடு மருந்தும் என்று நேராக ஒப்பிட்டவை 13. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 60 சதவிகிதத்திலிருந்து 66 ஆக உயர்ந்தது. வேறு விதமாகச் சொன்னால், கூடுதல் மருந்தின் அவஸ்தையைச் சுமார் 17 பெண்கள் ஏற்றால் அவர்களில் ஒருவருக்கு ஐந்தாண்டு உயிர் கூடுதலாகக் கிடைக்கிறது.

ஆனால் அதே கட்டுரை நோயின் கட்டத்தைப் பொறுத்துப் பிரித்தும் பார்த்தது. ஆரம்பக் கட்டத்தில் பலன் 10 சதவிகிதம். 2பி கட்டத்தில் 7. மூன்றாம் கட்டத்திலும் அதற்கு மேலும் 3 சதவிகிதம் மட்டுமே. ஏழை நாடுகளில் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வதே பெரும்பாலும் முற்றிய பிறகுதான். 'சராசரி 6' என்ற அழகான எண், நம் பெண்ணைப் பொறுத்தவரை பாதியாகத் தேய்ந்துவிடுகிறது. அந்த மூன்றுக்காகவா இத்தனை வாரமும் வாந்தியும் என்று ஒரு டாக்டரே தயங்கினால் தவறு சொல்ல முடியாது. தொகுப்பாய்வை இப்படித் துண்டுதுண்டாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் ஆள் குறைந்து, விடை மீண்டும் தள்ளாட ஆரம்பிக்கும் என்பதும் மறக்கக்கூடாத விஷயம்.

இந்தக் கேள்விக்கு விடை மும்பையிலிருந்து வந்தது. டாடா மெமோரியல் மருத்துவமனை 2003 முதல் 2011 வரை 3பி கட்டத்தில் இருந்த பெண்களை மட்டுமே, 850 பேரை, இரண்டு அணியாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 46 சதவிகிதம். சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 54. வித்தியாசம் எட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு ஒருவர் கூடுதலாக உயிர்வாழ்கிறார். உலகத் தொகுப்பில் நிழலாகத் தெரிந்த பெண்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவர அவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது.

இதுவும் இறுதி வார்த்தையல்ல. ஒரே மருத்துவமனையின் ஆய்வு அது. 3பி கட்டத்தில் கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துச் சிறுநீரகத்தைப் பாதித்திருந்தால் சிஸ்பிளாட்டின் கொடுப்பதே ஆபத்து. 54க்கும் 46க்கும் உள்ள வித்தியாசம் சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குத்தான் பேசும்.

சின்ன ஆய்வுகள் காட்டிய வழி

தொகுப்பாய்வும் பெரிய ஆய்வும் எப்போதும் ஒத்துப்போகுமா? 1997இல் கனடா ஆய்வாளர்கள் 12 பெரிய ஆய்வுகளை, அவற்றுக்கு முன்பே அதே விஷயத்தில் வந்திருந்த 19 தொகுப்பாய்வுகளோடு வைத்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வின் முடிவைத் தொகுப்பாய்வு சரியாக முன்னறிவிக்கத் தவறியது 35 சதவிகிதம். மூன்றில் ஒரு தடவை சறுக்கல். மூன்றில் இரண்டு தடவை சரி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சரியாக வந்ததற்கும் ஓர் இந்திய உதாரணம் உண்டு. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்தில் நெறிகட்டி எதுவும் தட்டுப்படாவிட்டாலும், கட்டியை அகற்றும்போதே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிடுவதா, அல்லது கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, நோய் வந்தால் எடுப்பதா? அரை நூற்றாண்டு வாக்குவாதம். எல்லாம் சேர்த்து 283 நோயாளிகள் மட்டுமே கொண்ட நான்கு சிறிய ஆய்வுகளை 2011இல் தொகுத்தபோது, முன்கூட்டியே எடுப்பது நல்லது என்று விடை வந்தது. 283 பேரை நம்பிக் கத்தி வைப்பதா என்று பலர் தயங்கினார்கள், தயங்கியது சரியே. டாடா மெமோரியலின் அனில் டி'குரூஸ் குழு 500 பேரின் முடிவுகளை 2015இல் வெளியிட்டபோது தயக்கம் தீர்ந்தது. மூன்றாண்டு உயிர்வாழ்வு, முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவிகிதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவிகிதம். சின்னத் தொகுப்பு காட்டிய திசையைப் பெரிய ஆய்வு உறுதிசெய்தது.

தீவுக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. 'பார்த்துக்கொண்டே இருப்போம்' என்ற முறை, குறித்த தேதிகளில் டாக்டர் முன் வந்து நிற்கக்கூடியவருக்குத்தான் ஓரளவாவது பாதுகாப்பு. நடுவில் வங்கக் கடல் இருப்பவருக்கு அல்ல. எந்தத் தொகுப்பாய்வின் வைரப் படத்திலும் இந்தக் கடல் வரையப்படுவதில்லை. தொடர்ந்து வந்து காட்ட முடியாதவர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்ளவே தயங்குவது உலக வழக்கம். ஆக, தூரத்தில் இருப்பவர்கள் ஆய்விலிருந்து விடுபடுகிறார்கள். ஆய்வின் விடை மட்டும் அவர்களுக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

சுனாமி தந்த எச்சரிக்கை

விடைகளைத் தேடித் தொகுத்து வைப்பதால் கிடைக்கும் நன்மையை இந்தத் தீவுகளின் மிகப் பெரிய துயரமே ஒருமுறை காட்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட கடலோரங்களில் மனநல உதவி செய்யப் பலரும் கிளம்பினார்கள். நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லவைத்து மனச்சுமையை இறக்கும் முறை அப்போது பிரபலம். கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் அந்த முறை பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2002இலேயே சொல்லியிருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிபுணர் பிரதாப் தார்யனும் காக்ரேன் ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட விடைகளை நிவாரணப் பணியாளர்களுக்குக் கொண்டுசேர்க்க முனைந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து 'எவிடென்ஸ் எய்ட்' என்ற அமைப்பே பிறந்தது. காக்ரேன் நூலகத்தை இந்தியாவில் யாரும் இலவசமாகப் படிக்க 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வழிசெய்தது. நல்லெண்ணம் மட்டும் மருந்தாகாது என்பதே பாடம். புற்றுநோய் வார்டிலும் அது செல்லும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

தொகுப்பாய்வு நீதிமன்றத் தீர்ப்பல்ல; கவனமாகத் தயாரித்த சாட்சிப் பட்டியல். அதை வைத்து நோயாளியோ உறவினரோ டாக்டரிடம் கேட்கக்கூடியவை எளிய கேள்விகள்தான். இந்தச் சிகிச்சையால் 100 பேரில் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள்? 'ஆபத்து 15 சதவிகிதம் குறைகிறது' என்பதும் '100 பேரில் ஆறு பேர் கூடுதலாக வாழ்கிறார்கள்' என்பதும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். காதில் விழும்போது முதலாவது பெரிதாக ஒலிக்கும். அடுத்து, என் வயதில், என் நோய்க் கட்டத்தில் இருப்பவர்கள் அந்த ஆய்வுகளில் இருந்தார்களா? எனக்குக் கொடுக்கப்போகும் அளவும் முறையும் அதில் சோதித்தவைதானா? கடைசியாக, இதை ஊர் திரும்பிய பிறகு தொடர முடியாவிட்டால் பலன் என்ன ஆகும்?

இந்தக் கேள்விகளுக்கு எல்லா டாக்டர்களுக்கும் நேரம் இருக்காது. ஆனால் கேள்வியில் பிழை இல்லை. நம் கச்சால் பெண் கேட்டால், அவர் சிறுநீரகம் ஒத்துழைக்கும் பட்சத்தில், இன்று கிடைக்கும் நேர்மையான பதில் இது: "அம்மா, உங்களைப் போன்ற 850 பெண்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மருந்தையும் தாங்கிக்கொண்டவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள்." அந்த எட்டில் அவர் ஒருவராக இருப்பாரா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. ஆனால் கணக்கில் அவரைப் போன்றவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் அவரிடம் சொல்ல ஒரு பதிலாவது இருக்கிறது. அடுத்த பதில்களுக்கு, அடுத்த ஆய்வுகளில் ஹாடோ துறைமுகத்துக் கூட்டத்திலிருந்தும் சிலர் இடம்பெற வேண்டும்.